கடையைத் தாண்டித்தான் வீடு: குடியை நிறுத்திய முதல் மாதங்கள்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

  இன்னிக்கு எபிசோட் வழக்கத்த விடக் கொஞ்சம் நீளம். விருந்தினர் யாரும் இல்ல, நான் மட்டும்தான் பேசப் போறேன்.

புது ஆபீஸ்ல சேர்ந்ததும் ஊர் எதுன்னு கேப்பாங்க. காரைக்கால்னு சொல்லுவேன். அடுத்து வர்றது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “அப்படியா, அடுத்த தடவ ஊருக்குப் போயிட்டு வரும்போது…” முடிக்க மாட்டாங்க. கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டிட்டுச் சிரிப்பாங்க. காரைக்கால் அம்மையார் பிறந்த ஊரு, பக்கத்துல திருநள்ளாறு, மாங்கனித் திருவிழா, கந்தூரி, இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. சரக்கு விலை கம்மியான ஊர். அதோட முடிஞ்சுது எங்க அடையாளம்.

இந்த ஜோக்குக்கு நான் நிறைய வருஷம் சிரிச்சிருக்கேன். இப்ப சிரிப்பு வரல. காரணம், என் பெரியம்மா பையன். என்னைவிட நாலு வயசு மூத்தவர், காரைக்கால்லயே இருக்கார், ஏசி மெக்கானிக். குடிய நிறுத்தி இன்னிக்கு எழுபத்தி மூணு நாள். அவரு அனுமதியோடதான் பேசறேன். “பேரு மட்டும் வேணாம்டா, மத்தது சொல்லு, யாருக்காச்சும் உதவும்”னார். அதனால இந்த எபிசோட் முழுக்க அவரு வெறும் அண்ணன்தான்.

குடி கெடுதல்னு சொல்ற எபிசோட் இல்ல இது. அது குடிக்கிறவங்களுக்கு நம்மள விட நல்லாவே தெரியும். நிறுத்தணும்னு முடிவு பண்ணி, மூணாவது நாளோ, பன்னிரண்டாவது நாளோ, நாப்பதாவது நாளோ உக்காந்திருக்கறவங்களுக்கும், அவங்க பக்கத்துல பயந்துபோய் உக்காந்திருக்கற வீட்டுக்காரங்களுக்கும்தான் இது.

முதல்ல ஊரப் பத்திக் கொஞ்சம். ஏன்னா அண்ணனோட பிரச்சினையில பாதி நிலவியல்தான்.

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட ஒரு துண்டு. ஆனா புதுச்சேரி நகரம் எங்ககிட்டேர்ந்து 130 கிலோமீட்டர் வடக்க இருக்கு. எங்களச் சுத்தி மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம்னு மூணு பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் 1948லயே மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துடுச்சு. இந்தப் பக்கம் வரல. தமிழ்நாடு 1971ல கடையத் திறந்தது, 1974ல மூடினது, 1981ல மறுபடி திறந்தது. 1983ல டாஸ்மாக் வந்தது, 2003லேர்ந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே நடத்துது. இத்தனை திறப்பு மூடலுக்கு நடுவுல வாஞ்சூருக்கும் நண்டலாறுக்கும் இந்தப் பக்கம் பாட்டில் தடையில்லாம கிடைச்சிட்டே இருந்தது. இன்னிக்கும் எங்க ஊர்ல தனியார்தான் கடை நடத்தறாங்க. சாராயக்கடை, கள்ளுக்கடை கூட ஏலம் எடுத்துச் சட்டப்படி நடக்குது. எல்லையோரத்துல தமிழ்நாட்டு வண்டிங்கள நம்பியே ஓடற கடைங்க இருக்கு.

இதுல குடிய நிறுத்தற ஆளோட நிலைமைய யோசிச்சுப் பாருங்க. சென்னையில ஒருத்தர், நம்ம தெருவுல கடை இல்ல, அந்தப் பக்கம் போகாம இருந்தாப் போதும்னு நினைக்கலாம். அண்ணனுக்கு வேலை முடிச்சு வீட்டுக்குப் போற வழியில மட்டும் நாலு கடை. சுத்திப் போனா அதுல ரெண்டு. கடையைத் தாண்டித்தான் வீடு.

இப்ப முதல் வாரத்துக்கு வர்றேன். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

தினமும் நிறையக் குடிச்சிட்டு இருக்கறவர், “நாளைலேர்ந்து தொடமாட்டேன்”னு சபதம் எடுத்து, அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கறது வீரமாத் தெரியும். உண்மையில அது ஆபத்து. மது மூளையை மந்தப்படுத்தற பொருள். வருஷக்கணக்கா அது உள்ள வந்துக்கிட்டே இருந்தா, மூளை அதச் சமாளிக்க எப்பவும் ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்கப் பழகிடும். திடீர்னு மது நின்னா பிரேக் போயிடும், ஆக்சிலேட்டர் அப்படியே மிதிபட்டிருக்கும். அதனால கடைசி கிளாஸ் முடிஞ்சு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரத்துல கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்குக் குழப்பம், காய்ச்சல், இல்லாத பூச்சி ஊர்ற மாதிரி, இல்லாத ஆள் நிக்கிற மாதிரி தெரியறது. டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேரு. சிகிச்சை இல்லேன்னா இதுல செத்துப் போறவங்க உண்டு.

“சாமி வந்துடுச்சு, காத்து கருப்பு அடிச்சிடுச்சு”ன்னு வீட்டுல வேப்பிலை எடுக்கறது இந்த நேரத்துலதான். வேப்பிலை அப்புறம் எடுத்துக்கலாம், முதல்ல ஆஸ்பத்திரி. அங்க நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மாத்திரை கொடுத்து, சில நாள்ல படிப்படியாக் குறைப்பாங்க. தயமின்னு ஒரு பி வைட்டமின் ஊசி போடுவாங்க. ரொம்ப நாள் குடிச்சவங்களுக்கு அது உடம்புல வத்திப்போயிருக்கும். விட்டுட்டா நினைவாற்றலே நிரந்தரமாப் போகலாம். விலை குறைஞ்ச மருந்துதான், ஆனா சரியான நேரத்துல வேணும். அண்ணன் நாலு நாள் அட்மிட் ஆகி இருந்தார். “நாலு நாளும் ட்ரிப்ஸ் பாட்டிலப் பாத்துக்கிட்டே கிடந்தேன், கடைசில பாட்டில் என்னை விடலடா”ன்னு சிரிச்சார்.

இன்னொண்ணு. பஸ் ஸ்டாண்டு சுவர்லயும் யூடியூப் விளம்பரத்துலயும் பாத்திருப்பீங்க: ‘அவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம்’. தயவுசெஞ்சு வேணாம். பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. டைசல்ஃபிராம்னு நிஜமாவே ஒரு மருந்து இருக்கு. அத எடுத்துக்கிட்டு மது குடிச்சா, மது உடைஞ்சு வர்ற ஒரு நச்சுப்பொருள் உடம்புலயே தேங்கி, முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடிச்சுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். விவரம் தெரிஞ்ச ஒருத்தர், டாக்டர் மேற்பார்வையில, தானே சம்மதிச்சு எடுத்தா அது ஒரு வேலி மாதிரி உதவும். தெரியாமக் கலந்து கொடுத்தா அது விஷம் வைக்கற மாதிரிதான். அம்மாமார்கள் பாசத்துல செய்வாங்க, எனக்குத் தெரியும். ஆனா உயிர் போயிடலாம். போகலேன்னாலும், விஷயம் தெரியற அன்னிக்கு அந்த ஆள் வீட்டுச் சோத்தையே நம்பமாட்டார். குடிக்கிற ஏக்கத்தக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு வேற மருந்துகளும் இருக்கு. எது யாருக்குன்னு டாக்டர் சொல்லணும், நான் இல்ல.

நிஜமான கதை ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வந்தப்புறம்தான் ஆரம்பிக்குது. உடம்புலேர்ந்து மது இறங்கிடுச்சு. ஆனா சாயங்காலம் ஆறு மணி தினமும் வருது.

அண்ணன்கிட்ட எது ரொம்பக் கஷ்டம்னு கேட்டேன். குடிக்கணும்ங்கற ஆசைதான்னு சொல்லுவார்னு எதிர்பார்த்தேன். “நேரம்டா”ன்னார். “ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் அவ்வளவு நேரம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பன்னெண்டு வருஷமா அந்த மூணு மணி நேரத்த நான் பார்த்ததே இல்ல.” மொத வாரம் டிவி ரிமோட்ட கையில வச்சுக்கிட்டு, டிவியப் போடாம உக்காந்திருந்தாராம். அண்ணிக்கு அதப் பாத்து இன்னும் பயம்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். அரசலாற்றங்கரையோரமா நடந்து பீச்சுக்குப் போறது. அந்தப் பாதையில கடை இல்ல, அதான் காரணம், வேற தத்துவம் ஒண்ணும் இல்ல. போய் ஒரு மணி நேரம் உக்காருவார், சுண்டல் வாங்குவார், திரும்புவார். ஏக்கம் பொங்கி வரும்போது கடிகாரத்தப் பாப்பாராம். இருபது நிமிஷத்துக்கு மேல அது உச்சத்துலயே நிக்கறதில்லன்னு அவரே கவனிச்சிருக்கார். ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இதுக்கு அலைச்சறுக்கைத்தான் உதாரணம் சொன்னார்: ஏக்கத்தோட சண்ட போடாத, அது எழும்பி உடைஞ்சு அடங்கறவரைக்கும் மேல மிதந்துக்கிட்டு இரு. ஏழாங்கிளாஸோட படிப்ப விட்ட எங்க அண்ணனுக்கு மார்லட் யாருன்னு தெரியாது. கடல்கிட்ட உக்காந்திருந்தார், அதுவே சொல்லிக் கொடுத்துடுச்சு.

சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய இருக்கு. இனிப்பு ஏக்கம் பயங்கரமா வரும், சாப்பிடட்டும் விடுங்க. சர்க்கரை நோய் இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேளுங்க. தூக்கம் வாரக்கணக்கா, சிலருக்கு மாசக்கணக்கா சரியா வராது, அது கெட்டுப்போன அறிகுறி இல்ல, சரியாகிட்டு வர்ற அறிகுறி. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலுல ரெண்டு சேர்ந்து வந்தா அன்னிக்கு ஜாக்கிரதையா இருக்கணும்னு சிகிச்சை மையங்கள்ல சொல்லித் தருவாங்க. அண்ணன் வெயில்ல மொட்டைமாடி மேல ஏசி அவுட்டோர் யூனிட் மாட்டிட்டு, மதியச் சாப்பாடு இல்லாம, மூணு மணிக்கு இறங்கி வர்ற ஆள். பசியும் களைப்பும் அவருக்கு வேலை நேரத்துலயே சேர்ந்து வந்துடுது. இப்ப அண்ணி டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கறாங்க. இதுவும் சிகிச்சைதான்.

ஆனா இதெல்லாம் வச்சு ஒருத்தர் தனியா எத்தனை நாள் ஓட்ட முடியும்?

1935, மே மாசம். அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊரு. பில் வில்சன்னு ஒருத்தர், குடிய நிறுத்தி அஞ்சு மாசம், வியாபார விஷயமா அந்த ஊருக்குப் போனவர், காரியம் கைகூடல. ஓட்டல் வராந்தாவுல நிக்கறார். ஒரு பக்கம் பார், உள்ள சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன்கிட்ட போய், ஊர்ல இருக்கற சர்ச்சுக்கு எல்லாம் போன் போட்டு, ‘எனக்கு இன்னொரு குடிநோயாளிகிட்ட பேசணும்’னு கேக்கறார். அறிவுரை சொல்றவரோ டாக்டரோ வேணும்னு கேக்கல, தன்ன மாதிரியே இன்னொரு ஆள் வேணும்னு கேட்டார். அப்படிக் கிடைச்சவர்தான் பாப் ஸ்மித்ங்கற சர்ஜன். பாப் கடைசியாக் குடிச்சது 1935 ஜூன் 10. அதையேதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன்னோட பிறந்தநாளா வச்சிருக்கு. ஏ.ஏ.ன்னு சொல்லுவாங்க. இந்தியாவுக்கு 1950கள்லயே வந்துடுச்சு. தமிழ்லயே நடக்கற கூட்டங்கள் நிறைய இருக்கு, ஆன்லைன் கூட்டங்களும் இருக்கு.

சினிமாவுல பாத்து இதப் பத்தி ஒரு தப்பான எண்ணம் நமக்கு இருக்கு. அண்ணனும் மொதல்ல “ஏதோ ஜெபக் கூட்டம்னு நினைச்சேன்”னார். பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறையோ சர்ச் அறையோதான். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். உள்ள போறதுக்குக் கட்டணம் இல்ல, பதிவேடு இல்ல, முழுப் பேரு கேக்க மாட்டாங்க. ஒருத்தர் எழுந்து பேரு சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ன்னு ஆரம்பிச்சுத் தன் கதையச் சொல்லுவார். யாரும் குறுக்க பேசமாட்டாங்க. கடவுள்ங்கற வார்த்தை வரும். அவங்கவங்க புரிஞ்சுக்கற மாதிரி வச்சுக்கலாம்னும் சொல்லுவாங்க. எனக்கு அதுல சில விஷயங்கள் ஒட்டல, நான் வெளியாள், அது பரவாயில்ல. ஆனா அங்க பேசற கணக்கு எனக்குப் புடிச்சது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன்னு அங்க யாரும் சத்தியம் பண்றதில்ல. இன்னிக்கு ஒரு நாள், அவ்வளவுதான். சமயபுரத்தா மேல சத்தியம், புள்ள தலைல அடிச்சு சத்தியம்னு வளந்த நம்ம ஊருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிங்க. சத்தியம் ஒடஞ்சா, எல்லாம் போச்சு, இன்னும் ரெண்டு ஊத்துன்னு ஆயிடும். ஒரு நாள் கணக்குல நாளைக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.

இது வேலை செய்யுதா, ஆதாரம் உண்டான்னு கேப்பீங்க, நானும் கேட்டேன், எஞ்சினியர் புத்தி. 2020ல காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட தரவ வச்சு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. குடிக்காமத் தொடர்ந்து இருக்கறதுல ஏ.ஏ.வும் அதுக்கு வழிகாட்டற முறைப்படியான சிகிச்சையும் மத்த உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமா, சில அளவுகள்ல கூடுதலாவே பலன் தந்திருக்குன்னு அது சொல்லுது. எல்லாருக்கும் பொருந்தும்னு அது சொல்லல. ஏன் வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்சவங்க சொல்ற முக்கியமான காரணம் ரொம்ப எளிமையானது: குடிக்கிற நண்பர்கள் குறையறாங்க, குடிக்காத நண்பர்கள் கூடறாங்க. அண்ணனோட போன்ல இப்ப ‘மீட்டிங் ஸார்’னு ஒரு நம்பர் சேமிச்சு வச்சிருக்கார். பதினோரு வருஷமாக் குடிக்காத ஒருத்தர். ராத்திரி ஒன்பதரைக்குத் தினமும் ஒரு மிஸ்டு கால். அவரு திரும்பி ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான் பேச்சு. ‘இருக்கேன்’, ‘நானும் இருக்கேன்’.

இந்த இடத்துல நம்ம டெல்டா பக்கமே நடந்த ஒரு விஷயத்தச் சொல்லணும். நம்ம ஆளுங்களுக்கே இது தெரியல.

சாந்தி ரங்கநாதன்னு சென்னையில ஒருத்தங்க. டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் குடிநோயால இளம் வயசுலயே இறந்துட்டார். அவர் நினைவா, மாமியார் வீட்டோட ஆதரவோட, 1980ல போதை மீட்புக்குன்னே ஒரு மருத்துவ அமைப்ப ஆரம்பிச்சாங்க. அடையாறு இந்திரா நகர்ல இருக்கற டி.டி.கே. ஆஸ்பத்திரின்னு சொன்னா சென்னைக்காரங்களுக்குத் தெரியும். குடிநோயாளியோட சேர்த்துக் குடும்பத்துக்கும் அங்க தனியா சிகிச்சை, ஆலோசனை உண்டு. 1992ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

சென்னைக்கு வந்து ஒரு மாசம் தங்க முடியாத விவசாயக் கூலி என்ன பண்ணுவார்? இந்தக் கேள்வியோட அவங்க குழு போன இடம் மஞ்சக்குடி. குடவாசல் பக்கம், இன்னிக்குத் திருவாரூர் மாவட்டம், அன்னிக்குத் தஞ்சாவூர் மாவட்டம். காரைக்கால்லேர்ந்து காலையில கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்குள்ள போய்ட்டுத் திரும்பிடலாம். கிராமத்துலயே முகாம் போட்டாங்க. பக்கத்து ஊர் ஆளுங்க சேர்ந்து தங்குவாங்க, மருத்துவம், ஆலோசனை, குழுப் பேச்சு எல்லாம் அங்கயே. மனைவிமார்களும் வருவாங்க. உள்ளூர் ஆளுங்களும் அமைப்பும் இடம், உதவின்னு கைகொடுத்தாங்க. முகாம் முடிஞ்சப்புறமும் குழு தொடர்ந்து வந்து பாக்கும். இந்த அனுபவத்த சாந்தி ரங்கநாதன் 1994ல ‘அடிக்‌ஷன்’ங்கற சர்வதேச ஆய்விதழ்ல கட்டுரையா எழுதினாங்க. தலைப்புலயே மஞ்சக்குடி பேரு இருக்கு.

எனக்கு இதுல புடிச்சது என்னன்னா, இது ரகசியமா நடக்கல. ஊருக்கே தெரியும் யாரு முகாமுக்குப் போனான்னு. நாம வெட்கம்னு நினைக்கறதே அங்க பாதுகாப்பா மாறுது. டீக்கடையில நாலு பேர் ‘என்னய்யா, நல்லா இருக்கியா’ன்னு கேக்கறாங்க; கூட இருந்தவன் பக்கத்துத் தெருவுலயே இருக்கான். சென்னையில ஒரு அறைக்குள்ள சரியாகி, ஊருக்குத் தனியாத் திரும்பற ஆளுக்கு இது கிடைக்காது.

கோவாவப் பத்தியும் ஒண்ணு. நம்மள மாதிரியே ஐரோப்பாக்காரன் ஆண்ட கடற்கரை, நம்மள மாதிரியே சரக்குக்குப் பேர்போன ஊரு. அங்க சங்கத்ங்கற அமைப்பு, டாக்டர் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல சில அமர்வு மட்டும் ஆலோசனை கொடுக்க வச்சது. 2017ல ‘லான்செட்’ல முடிவு வந்தது. மூணு மாசத்துல, ஆலோசனை கிடைச்சவங்கள்ல 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலேர்ந்து வெளிய வந்திருந்தாங்க. கிடைக்காதவங்கள்ல 26 சதவீதம். அடிமையாகற கட்டத்துக்கு முன்னாடி நிக்கறவங்க மேல பண்ணின ஆய்வு இது, அத மறக்கக் கூடாது. ஆனா பேசறதுக்கு ஒரு ஆள் கிடைச்சாலே வித்தியாசம் வருது. நாட்டு நிலவரம் என்னன்னா, 2019ல எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வுப்படி, மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைக்குது.

சரி, நம்ம ஆளுங்க, பி.ஜி.யில, ஷேரிங் ஃபிளாட்ல இருக்கறவங்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

ஆபீஸ் இன்ஷூரன்ஸ நம்பி அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி பாலிசியப் படிங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சம்பந்தமான மனநிலைப் பாதிப்பையும் மனநோய்க்குள்ள சேர்க்குது. மனநோய்க்கும் காப்பீடு கொடுக்கணும்னு சொல்லுது. ஆனா பல பாலிசியில ‘மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை’ன்னு ஒரு விலக்கு வரி இன்னும் இருக்கு. முன்னாடியே கேட்டுக்கோங்க. லீவுக்கு எச்.ஆர்.கிட்ட முழுக் கதையும் சொல்லணும்னு இல்ல, ‘மருத்துவ சிகிச்சை’ போதும்.

‘மறுவாழ்வு மையம்’னு போர்டு போட்ட எல்லா இடமும் ஒண்ணு இல்ல. நடுராத்திரி வேன்ல வந்து நாலு பேர் தூக்கிட்டுப் போறது, அடிக்கறது, போன் பண்ண விடாம வைக்கறது, இதெல்லாம் நடக்கற இடங்கள் பத்தி நியூஸ்ல பாத்திருக்கோம். உரிமம் இருக்கா, டாக்டர் யாரு, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், குடும்பம் எப்ப வேணா பாக்கலாமா, கேளுங்க. பதில் மழுப்பினா கிளம்பிடுங்க.

டீம் அவுட்டிங்ல ‘ஒரே ஒரு பெக்தான மச்சி’க்குப் பதில் முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கோங்க. அண்ணன் சொல்ற பதில் ‘மாத்திரை சாப்பிடறேன்’. யாரும் மேல கேக்கறதில்ல. உங்க டீம்ல யாராவது வேணாம்னு சொன்னா, ஏன்னு கேக்காதீங்க, அது போதும். அப்புறம் எங்க ஊர்க்காரங்ககிட்ட பாட்டில் வாங்கிட்டு வரச் சொல்றத விட்ருங்களேன். அந்தக் கடை வாசல்ல போய் நிக்கறவன் எத்தனாவது நாள்ல இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது.

பெண்கள் யாராவது இத உங்களுக்காகக் கேட்டுக்கிட்டிருந்தா: இதுவரைக்கும் நான் சொன்ன கதையில மனைவி டிபன் கட்டறாங்க. உங்களுக்கு யாரு கட்டுவாங்கன்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்ல. அவமானம் உங்க மேல ரெட்டிப்பா விழுது. ஏ.ஏ.வுல பெண்களுக்கான ஆன்லைன் கூட்டங்கள் உண்டு, கேமராவ ஆஃப் பண்ணிட்டுக் கூட உக்காரலாம். அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்.

குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. எங்க அண்ணி நாப்பது நாள் வரைக்கும் தினமும் அவரு வாய மோந்து பாத்தாங்க. அண்ணனுக்குக் கோபம். “இவ்வளவு பண்றேன், நம்பிக்கை இல்லையா?” அண்ணி சொன்னாங்க: “பன்னெண்டு வருஷம் நீங்க சொன்னத நம்பினேன். இப்ப என் மூக்கத்தான் நம்பறேன். கொஞ்ச நாள் போகட்டும்.” எனக்கு ரெண்டு பேரும் சரின்னுதான் படுது. நின்னவர் நாள் கணக்குல எண்றார், கூட வாழ்ந்தவங்க வருஷக் கணக்குல எண்றாங்க. அந்த ரெண்டு காலண்டரும் ஒண்ணாகறதுக்கு நேரம் எடுக்கும். குடிநோயாளிகளோட குடும்பங்களுக்குன்னே அல்-அனான்னு ஒரு அமைப்பு 1951லேர்ந்து இருக்கு. அண்ணி ரெண்டு கூட்டத்துக்குப் போயிட்டு வந்தாங்க. என்ன பேசினாங்கன்னு அண்ணன் கேட்டாராம். “உங்களப் பத்தி இல்ல”ன்னு மட்டும் சொன்னாங்களாம். ஐம்பதாவது நாள் சுமாருக்கு மோந்து பாக்கறது நின்னுடுச்சு, அண்ணன்தான் கவனிச்சு எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

கடைசியா, போன வாரம் வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். பேச்சுலேர்ந்து நாகூர்ப் பக்கம்னு தோணுது. “தம்பி பெங்களூர்ல இருக்கான். நிறுத்திப் பதினாறு நாள் ஆச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வரான். வீட்டுல அப்பா குடிப்பார். பங்காளிங்க எல்லாம் காரைக்கால் போய் வாங்கிட்டு வருவாங்க. வராதன்னு சொன்னா மனசு ஒடஞ்சுடுவான். வந்தாக் குடிச்சிடுவான். என்ன பண்றது?”

அக்கா, நான் டாக்டர் இல்ல. அண்ணன்கிட்ட கேட்டேன், அவரு சொன்னத அப்படியே சொல்றேன். வரட்டும், ஆனா நாலு நாள் வேணாம், ஒரு நாள். காலைப் பொங்கலுக்கு வந்து சாயங்கால ரயிலுக்குக் கிளம்பட்டும். திரும்பற டிக்கெட்ட இப்பவே எடுத்துடுங்க. வர்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட நீங்க பேசுங்க, தம்பி பேச வேணாம். ‘நிறுத்துங்க’ன்னு கேக்காதீங்க, ‘அன்னிக்கு ஒரு நாள் வீட்டுல வேணாம்’னு கேளுங்க. ஒத்துக்கலேன்னா, நீங்களும் உங்க அம்மாவும் பெங்களூருக்குப் போயிடுங்க, குக்கர்லயும் பொங்கல் பொங்கும். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு அவன் ஊர்ல இருக்கவே கூடாது, அன்னிக்குத்தான் எல்லாப் பங்காளியும் வருவான். ஒருவேளை குடிச்சிட்டான்னா, அன்னிக்கு ராத்திரியே பேசாதீங்க. காலையில காபி கொடுத்துட்டு, அந்தப் பதினாறு நாள்ல எது உதவிச்சுன்னு கேளுங்க. அந்தப் பதினாறு நாள் எங்கயும் போயிடல. அதிகமாக் குடிச்சு, மறுபடி நிறுத்தும்போது நடுக்கமோ குழப்பமோ வந்தா, நேரா ஆஸ்பத்திரி.

நம்பர் ரெண்டு சொல்றேன், எழுதிக்கோங்க. டெலி மானஸ், 14416. இருபத்திநாலு மணி நேரமும், தமிழ்ல பேசலாம், இலவசம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. காரைக்கால்ல இருக்கறவங்க அரசு பொது மருத்துவமனை ஓ.பி.யில மனநலப் பிரிவு என்னிக்குன்னு கேளுங்க. புதுச்சேரி போக முடிஞ்சா ஜிப்மர்ல மனநலத் துறை இருக்கு.

அக்கா, பொங்கல் முடிஞ்சு என்ன ஆச்சுன்னு ஒரு மெசேஜ் போடுங்க. அண்ணன் கேக்கச் சொன்னார்.